முதல் லோடுக்கு எல் அடித்தவர்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். யார் எதைக் கேட்டாலும் ஒரு கிண்டலைச் சேர்க்காமல் பதில் சொல்லத் தெரியாது. அந்த வாயால் ஒரு மனிதருக்கு வேலை போயிற்று. திறந்தே ஆக வேண்டிய இடத்தில் அதே வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். இத்தனை வருஷம் கழித்து இதை எழுதுவதால் எந்தப் புண்ணியமும் இல்லை என்று தெரியும். ஆனாலும் எழுதுகிறேன்.

செல்போனில் இன்கமிங் இலவசமான புதிது. வீடு திருவள்ளூரில், வேலை கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில். டிராக்டருக்குப் போகிற இரும்பு ஷாஃப்டுகளை உலையில் சூடேற்றிப் பதப்படுத்திக் கொடுக்கும் சின்னக் கம்பெனி. காலையில் கம்பெனி வேன் திருவள்ளூரில் கிளம்பி, ரெட்ஹில்ஸ், சோழவரம், கவரைப்பேட்டை என்று ஆள் ஏற்றிக்கொண்டு போகும். கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று அங்கே நான் ஒருத்தன்தான். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், ஃபேன் ஓடாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். சேர்ந்து ஒரு வருஷம் முடியப்போகிறது. வேலையை உறுதி செய்கிற லெட்டருக்காகக் காத்திருந்தேன்.

உலையைப் பார்த்துக்கொண்ட ஆபரேட்டர் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது பெரியவர். சோழவரம் ஏரிப் பக்கத்துக் கிராமம். சொந்தமாகக் கொஞ்சம் நிலம், அதில் நெல். அது சாப்பாட்டுக்குக் காணும். மற்ற எல்லாவற்றுக்கும் இந்த வேலைதான். ஏழு வருஷமாகக் கான்ட்ராக்டில் ஓட்டிக்கொண்டிருந்தார். பொங்கலுக்குள் நிரந்தரமாக்கப்போகிறவர்களின் பட்டியல் ஒன்று தயாராகிறது, அதில் முதல் பெயர் அவருடையது என்று கேன்டீனில் தட்டுக் கழுவுகிறவர் வரைக்கும் தெரியும். கான்ட்ராக்ட் ஆட்கள் வேனில் ஏறக் கூடாது. பிற்பகல் ஷிஃப்ட் வாரங்களில், காலையில் ஏதாவது வேலையாகச் சோழவரம் ஸ்டாப்பில் நின்றால், எங்கள் வேனைப் பார்த்துக் கை காட்டுவார். “பட்டியல் வரட்டும் சார், உங்க பக்கத்துல குந்திக்கினு வரேன்” என்பார்.

உலைக்குப் பக்கத்தில் கண்ணாடித் தடுப்பு போட்ட ஒரு அறை. நான் வருவதற்கு முன்பு அங்கே ஆணியில் ஒரு அட்டை தொங்கும். உலையில் ஒரு தடவை ஏற்றுகிற சரக்கு ஒரு லோடு. அன்றைக்கு ஓட வேண்டிய எட்டு லோடுக்கும் எவ்வளவு சூடு வைக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும்; அதைப் பார்த்து ஆபரேட்டர் உலையில் திருகி வைப்பார். அந்த அட்டையை ஒழித்தது நான்தான். ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்து, உலைக்கு ஒரு கேபிள் இழுத்து, ஒரு புரோகிராம் எழுதினேன். ‘சுடு’ என்று அதற்குப் பெயர். மவுஸ் கிடையாது, கறுப்புத் திரை. சுடு என்று தட்டி, இடம் விட்டு லோடு எண், இடம் விட்டு எத்தனை ட்ரே ஷாஃப்ட், பிறகு என்டர். என் புரோகிராம் அன்றைய திட்டத்தைப் பார்த்து உலைக்குச் சூட்டைச் சொல்லிவிடும். அட்டையை நானே ஆணியிலிருந்து கழற்றி, எல்லோரும் பார்க்கக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அவ்வளவு பெருமை.

நடந்தது புரிய வேண்டுமானால் உள்ளே என்ன ஓடுகிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாம் அப்படித் தட்டுகிற வார்த்தைகளைக் கம்ப்யூட்டர் வரிசையாக அறைகளில் போட்டு புரோகிராமிடம் கொடுக்கும். முதல் அறையின் எண் ஒன்று இல்லை, பூஜ்யம். அதில் புரோகிராமின் பெயரே உட்கார்ந்திருக்கும். அடுத்த அறையில் லோடு எண், அதற்கடுத்ததில் ட்ரே கணக்கு. எட்டு லோடுகளுக்கான சூடும் இதே மாதிரி இன்னொரு வரிசையில் இருக்கும். அங்கேயும் முதல் அறை பூஜ்யம்தான். ஆகவே ஆபரேட்டர் ஒன்று என்று அடித்தால், ஒன்றைக் கழித்து பூஜ்யத்தைப் பார்க்க வேண்டும். தெருவின் முதல் வீட்டுக்கு பூஜ்யம் என்று கதவு எண் போட்ட மாதிரி.

அடிக்கிற எண் ஒன்றிலிருந்து எட்டுக்குள் இருக்கிறதா என்று சோதித்த பிறகே உள்ளே விட வேண்டும். காலேஜில் முதல் மாதமே சொல்லிக்கொடுத்த பாடம். நான் எழுதவில்லை. எட்டே லோடு இருக்கிற இடத்தில் எவன் ஒன்பது அடிக்கப்போகிறான் என்ற தெனாவட்டு. லோடு எண்ணே இல்லாமல் என்டர் தட்டினால் புரோகிராம் தலைகுப்புற விழும் என்பதும் எனக்குத் தெரியும். அதற்கு ஒரு சீட்டு எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டினேன்: ‘எண் போடாமல் என்டர் தட்டாதீர்.’ பள்ளத்தை மூடாமல் பள்ளத்துக்குப் பக்கத்தில் போர்டு வைக்கிற ஆள் நான்.

சொல்லிக்கொடுத்த அன்றைக்கு நான்கைந்து பேர் சுற்றி நின்றார்கள். அவர் மட்டும் ஒரு சந்தேகம் கேட்டார்.

“சார், மொத லோடுக்கு ஒண்ணுதான் அடிக்கணுமா?”

“ஏண்ணே, ஒண்ணு மேல உங்களுக்கு இன்னா கோவம்?”

“கோவம்லாம் இல்ல சார். எங்க ஊட்ல நெல்லு அளக்கும்போது ஒண்ணுன்னு வாயில வராது. லாபம், ரெண்டு, மூணுன்னுதான் போவோம். இங்கயும் மொத லோடை லாபம்னு சொல்லிக்கினுதான் ஏத்துவேன். ஏழு வருசத்துல என் கையில ஒரு லோடு கெட்டதில்ல.”

களத்தில் மரக்காலால் நெல் அளக்கிறவர்கள் முதல் மரக்காலை லாபம் என்றுதான் எண்ணுவார்கள். எனக்கும் தெரிந்த வழக்கம்தான். மரியாதையாக, ஒன்று என்றே அடியுங்கள் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். என் வாய் சும்மா இருக்குமா?

“அப்ப எல் அடிங்க. எல் ஃபார் லாபம். நம்ம புரோகிராமுக்கு எல்லாம் புரியும்ணே” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு அவர் கீபோர்டைக் குனிந்து பார்த்தது இப்போது ஞாபகத்துக்கு வருகிறது. அப்போது நான் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு மாதத்தில் புகார் வர ஆரம்பித்தது. ஷாஃப்ட் சரியாக இறுகவில்லை, சீக்கிரம் தேய்ந்துபோகிறது என்று வாங்கியவர்கள் திருப்பி அனுப்பினார்கள். எந்த லோடு என்று தேடிப் பார்த்தால் எல்லாமே காலையின் முதல் லோடு. அதுவும் எல்லா நாளும் இல்லை, வாரத்தில் ஒன்றோ இரண்டோ. அவர் காலை ஷிஃப்ட் பார்த்த வாரங்களில் மட்டும். மற்ற ஆபரேட்டர் காலையில் வந்த வாரங்களில் ஒரு ஷாஃப்ட்கூடக் கெடவில்லை.

“அந்தாளு தூங்கிக்கினே வந்து ஏத்துறான்யா” என்றார் ஒர்க்ஸ் மேனேஜர். நானும் தலையாட்டினேன் என்று நினைக்கிறேன்.

உலைக்குள் சூட்டை அளக்கிற சென்சாரை மாற்றினார்கள். கேபிளை மாற்றினார்கள். என்னையும் புரோகிராமைப் பார்க்கச் சொன்னார்கள். ஒன்றிலிருந்து எட்டு வரைக்கும் அடித்துப் பார்த்தேன், எல்லாம் சரி. எத்தனை வார்த்தை உள்ளே வருகிறது என்று எண்ணிப் பார்த்தேன், அதுவும் சரி. அவர் நாளெல்லாம் என்ன செய்கிறார் என்று பக்கத்தில் நின்று பார்க்காமல், ஏசி அறையில் உட்கார்ந்து இரண்டு வாரம் தேடினேன்.

கடைசியில் விசாரணை என்று ஒரு நாள் குறித்தார்கள், காலை பதினோரு மணிக்கு. அன்றைக்கு மட்டும் முதல் பஸ்ஸைப் பிடித்து ஆறு மணிக்கே உலைக்குப் போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம். “இன்னா சார் இந்நேரத்துக்கு? நாஷ்டா ஆச்சா?” என்று கேட்டு, டிபன் பாக்ஸைத் திறந்து இட்லியில் பாதியை எனக்குத் தள்ளினார். பிறகு ட்ரேக்களை ஏற்றினார். கதவை மூடி, “லாபம்” என்று வாய்விட்டுச் சொன்னார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டினார். சுடு, இடம், எல், இடம், ஆறு.

“அண்ணே, இன்னா அடிச்சீங்க?”

“எல் சார். நீங்கதான சொன்னீங்க.”

என் ஏசி அறைக்கு ஓடி, அங்கிருந்த கம்ப்யூட்டரில் நானும் எல் அடித்து, உள்ளே என்ன நடக்கிறது என்று ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். எழுத்தை எண்ணாக மாற்றச் சொன்னால் கம்ப்யூட்டர் அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்கிறது. பூஜ்யத்தில் ஒன்றைக் கழித்தால் மைனஸ் ஒன்று. மைனஸ் ஒன்றாம் அறை என்று ஒன்று கிடையவே கிடையாது. வேறு மொழியில் எழுதியிருந்தால், வரிசையைத் தாண்டிப் போகிறாய் என்று கத்திவிட்டு அங்கேயே நின்றிருக்கும். நான் எழுதிய மொழிக்கு அந்த நாகரிகம் தெரியாது. முதல் வீட்டுக்கு முன்னால் எந்த வீடு இருக்கிறதோ அதன் கதவைத் திறந்து, கையில் கிடைத்ததை எடுத்து வந்துவிடும். அங்கே இருந்தது நான் அழிக்காமல் விட்டிருந்த நேற்றைய வரிசையின் கடைசி அறை, அதாவது நேற்றைய எட்டாவது லோடின் சூடு. நேற்றைய கடைசி லோடுக்கும் இன்றைய முதல் லோடுக்கும் ஒரே சூடாக இருந்த நாட்களில் தப்பித்தோம். வேறாக இருந்த நாட்களில் ஷாஃப்ட் கெட்டது. பார்த்துச் சரி செய்ய அவரிடம் அட்டையும் இல்லை.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இரண்டு வாரமாகப் பிடிபடாததைப் பிடித்துவிட்ட சந்தோஷம். அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. அந்த மாதம் எனக்கு லெட்டர் வர வேண்டும். எட்டுக்குள் இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு வரியை எழுதாமல் விட்டவன் நான், விளையாட்டுக்கு எல் அடிக்கச் சொன்னவனும் நான். இது வெளியே வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டே கீபோர்டில் கை வைத்தேன். எல் வந்தால் ஒன்று என்று எடுத்துக்கொள், ஒன்றுக்குக் கீழே போனாலோ எட்டுக்கு மேலே போனாலோ நின்றுவிடு. நாலைந்து வரிதான். பத்தரைக்குள் உலைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, பழைய புரோகிராமைக் கமுக்கமாக அழித்தேன்.

பதினோரு மணிக்கு மேனேஜர் அறையில் அவர் நின்றுகொண்டிருந்தார். எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள்.

“சிஸ்டத்துல ஏதாவது கோளாறாப்பா?” என்று மேனேஜர் என்னைக் கேட்டார்.

“செக் பண்ணிட்டேன் சார். சிஸ்டம் சரியா இருக்கு.”

சரியாகத்தான் இருந்தது, அரை மணி நேரமாக.

“அப்ப இன்னாதான் நடக்குது?”

“நம்பர் அடிக்க வேண்டிய எடத்துல எழுத்து அடிச்சிருக்காரு சார்.”

மேனேஜர் அவர் பக்கம் திரும்பினார். “யோவ், ஒண்ணுக்குப் பதிலா எழுத்து அடிச்சியா? எவன் சொன்னான் உனக்கு?”

அவர் என்னைப் பார்த்தார். பார்வையில் கோபம் இல்லை. நீங்களே சொல்லிடுவீங்கதானே என்று காத்திருக்கிற மாதிரி இருந்தது. நான் மேஜை மேல் கிடந்த ஃபைலைப் பார்த்தேன். அதன் மேல் ஒரு குண்டூசி இருந்தது, அதைப் பார்த்தேன்.

“நானாதான் சார் அடிச்சேன். பழக்க தோசம்” என்றார்.

பட்டியலில் அவர் பெயர் வரவில்லை. அடுத்த மாதத்திலிருந்து வர வேண்டாம் என்று கான்ட்ராக்டர் சொல்லிவிட்டார். எனக்கு லெட்டர் வந்தது. வீட்டில் கேசரி கிண்டினார்கள். நான் அதைச் சாப்பிட்டேன்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை மேனேஜர் அறை வாசல் வரைக்கும் போயிருக்கிறேன். மூன்று தடவையும் வேறு எதையோ கேட்டுவிட்டுத் திரும்பினேன். ஒரு தடவை பிரிண்டர் ரிப்பன் கேட்டேன். வேனில் இடது பக்க ஜன்னல்தான் எனக்குப் பிடித்த இடம். சோழவரம் ஸ்டாப் அந்தப் பக்கம் வரும் என்பதால் வலது பக்கம் மாறிக்கொண்டேன். வெயில் மூஞ்சியில் அடிக்கிறது என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் காலை வெயில் வலது பக்கம்தான் அடிக்கும். கேட்கிறவர்களுக்கு அது தோன்றவில்லை.

இரண்டு வருஷம் போயிற்று. ஒரு சாயங்காலம் வேன் ரெட்ஹில்ஸில் பஞ்சராகி நின்றது. டீ குடிக்கலாம் என்று இறங்கினால், அரிசி மண்டிப் பக்கத்திலிருந்து “சார்” என்று ஒரு குரல். தலையில் துண்டு, உடம்பெல்லாம் தவிட்டுத் தூசி. திரும்பிக்கொள்ள இடம் இல்லை.

“நல்லா கீறீங்களா சார்? கல்யாணம் ஆச்சா?” என்று கேட்டுக்கொண்டே எனக்கும் சேர்த்து டீ சொன்னார். மண்டியில் மூட்டை ஏற்றுகிறாராம். அறுவடை நேரத்தில் மட்டும் நிலத்தைப் பார்ப்பாராம். வேலையைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

“இப்பல்லாம் லாபம்னு சொல்றதில்ல சார். நெல்லு அளக்கும்போதுகூட ஒண்ணுன்னேதான் அளக்குறேன். எங்க நைனா கத்துனாரு, களத்துல அபசகுனமா பேசறியேன்னு. நான் வுட்டுட்டேன். அந்தப் பேச்சாலதான வேலையே போச்சு.” டீயை ஒரு வாய் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். “நீங்க அன்னிக்கி சிரிச்சிக்கினு சொன்னீங்க. வெளாட்டுக்குச் சொல்றீங்கன்னு எனக்குத்தான் புரியல. உங்களையும் பேஜாருல மாட்டி வுட்டிருப்பேன்.”

அத்தனை நாளும் அவர் என்னைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்திருக்கிறார். அதுவும் அவருடைய தப்பிலிருந்து. நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எவர் எதை அடித்தாலும் புரோகிராம் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும், அதை எழுதாமல் விட்டது நான்தான், விசாரணைக்கு அரை மணி முன்னால் சரி செய்து மறைத்ததும் நான்தான் என்று ஒன்று விடாமல் சொன்னேன்.

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“அப்ப எம் மேல தப்பே இல்லையா சார்?”

“இல்லண்ணே.”

“இத ஒருவாட்டி எங்க ஊட்டாண்ட வந்து சொல்றீங்களா? நான் சொன்னா நம்ப மாட்டாங்க. ரெண்டு வருசமா எங்க ஊட்டுக்காரி வாயத் தொறந்தா, லாபம் லாபம்னு உளறி இருந்த வேலையத் தொலைச்ச ஆளுன்னுதான் பேசுறா. எம் பொண்ணுகூட சிரிக்குது. நீங்க வந்து சொன்னா போதும் சார். வேற ஒண்ணும் வாணாம்.”

“வரேண்ணே. ஞாயித்துக்கெழமை வரேன்” என்றேன். அவர் என் நம்பரை வாங்கிக்கொண்டார். ஸ்டாப்பில் இறங்கி, ஏரிக்கரையோடு வந்து, பம்ப்செட்டைத் தாண்டி மூணாவது ஊடு என்று இரண்டு தடவை வழி சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை குளித்து, சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஷூவைக்கூட மாட்டினேன். அந்த வீட்டுப் பெண்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள் என்று நினைத்ததும் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, டிவியில் கிரிக்கெட் பார்த்தேன். யார் ஆடினார்கள் என்றுகூடத் தெரியாது.

மறுநாள் காலை வேனில் போகும்போது அவர் போன் வந்தது.

“சார், நேத்து வருவீங்கன்னு யாரையும் வெளிய போவாதீங்கன்னு சொல்லியிருந்தேன். எங்க நைனா சட்டையெல்லாம் போட்டுக்கினு குந்தினு இருந்தாரு. திடீர்னு வேலை வந்துடுச்சா சார்?”

வேன் சோழவரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. “ஆமாண்ணே, வேலை” என்றேன்.

“பரவால்ல சார். வேலைதான முக்கியம்” என்றார்.